நாற்பது மீட்டர் மலை

பெரும்பாறையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். அடிவாரம் நெருங்க நெருங்க, சூடேறிய பிரேக்கிலிருந்து கருகல் மணம் ஒன்று ஜன்னல் வழியே உள்ளே வரும். மேலே காப்பித் தோட்டத்துக் குளிரில் ஏறியவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றத் தொடங்கும் இடமும் அதுதான். இந்த மலைப்பாதையில் 600 மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிரேக்கும் இல்லை, உராய்வும் இல்லை, காற்றும் தடுக்கவில்லை என்றால் கீழே வந்து சேரும்போது பஸ்ஸின் வேகம் மணிக்கு 390 கிலோமீட்டர் இருக்கும். அந்த வேகம் முழுவதையும் ஓட்டுநர் கியரிலும் பிரேக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக மாற்றிக் கரைத்துவிடுகிறார். நாம் முகர்வது அந்தச் சூட்டைத்தான்.

இந்தக் கணக்கை நான் போட்டது என் தங்கை மகனுக்காக. பெரும்பாறைப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் குடும்பம். சீசன் வந்தால் ஊரே மலையேறி வரும். இவர்கள் இறங்கி எங்கும் சுற்றுலா போனதில்லை. இந்த முறை காப்பி எடுப்பு முடிந்ததும் குடும்பத்தோடு சென்னைக்குப் போய், ஒரு நாள் முழுக்கப் பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் இருப்பது என்று முடிவாகியிருக்கிறது. 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கி, பெங்களூரு, ஐதராபாத் என்று விரிந்த வொண்டர்லா 2025 டிசம்பரில் சென்னைக்கும் வந்துவிட்டது. அங்கே தஞ்சோரா என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. அதில் தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், நாம் கீழே கால்களைத் தொங்கவிட்டபடி பறப்போம். அதன் வீடியோவை போனில் பார்த்துவிட்டுத்தான் பையன் கேட்டான்: "மாமா, தலகீழா இருக்கும்போது பெல்ட்டு அந்துபோச்சுன்னா?"

நல்ல கேள்வி. பயத்தில் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

முதலில் அவனுக்கு நான் சொன்னது, ரோலர் கோஸ்டருக்கு எஞ்சின் கிடையாது என்பதை. அவன் நம்பவில்லை. பெரும்பாலான கோஸ்டர்களில் மோட்டாரின் வேலை ஒன்றே ஒன்றுதான்: வண்டியைச் சங்கிலியில் கோத்து முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துக்கொண்டு போய் விடுவது. அதன்பின் சங்கிலி விட்டுவிடும். மிச்ச ஓட்டம் முழுவதும் அந்த உயரத்தை வைத்துத்தான். மூட்டையை ஒரு தடவை மேலே ஏற்றிவிட்டால் கீழே உருட்ட ஆள் வேண்டாம் என்பது மலையில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உயரம் என்பது கையில் உள்ள ரொக்கம் மாதிரி. ஒவ்வொரு சரிவிலும் அது வேகமாக மாறும், ஒவ்வொரு ஏற்றத்திலும் வேகம் மறுபடி உயரமாக மாறும், இடையில் உராய்வும் காற்றும் தங்கள் தரகை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அடுத்து வரும் மேடுகள் எல்லாம் முதல் மேட்டைவிடத் தாழ்ந்தே இருக்கும்.

நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டி அடியில் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அறுநூறு மீட்டர் இறங்கும் பஸ்ஸில் தூங்கிவிடுகிறோம், நாற்பது மீட்டரில் அலறுகிறோம். நம் பஸ் அந்த உயரத்தை ஒரு மணி நேரத்துக்குப் பரப்பிச் செலவு செய்கிறது, கோஸ்டர் மூன்று விநாடியில் செலவு செய்துவிடுகிறது. உடம்புக்கு உயரம் உறைப்பதில்லை, அது எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதுதான் உறைக்கிறது.

இந்த இயந்திரத்தின் வம்சமும் மலைச்சரிவில் பிறந்ததுதான். ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, பலகையில் உட்கார்ந்து சறுக்கினார்கள். 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலேண்டில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் மரத் தண்டவாளம் போட்டு ஐந்து சென்ட் கட்டணத்தில் ஆட்களை ஏற்றினார். அதன் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான், சைக்கிள் தாண்டிப் போய்விடும். உண்மையான திருப்பத்தைக் கொண்டுவந்தவர் ஜான் மில்லர். இரண்டு காரியம் செய்தார். அந்த இரண்டையும் பையன் பார்க்கும்போது கவனிக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒன்று, மேட்டில் ஏறும்போது கேட்கும் 'டக் டக் டக்' சத்தம். சங்கிலியின் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வண்டிக்கு அடியில் ஒரு கொக்கி தொங்குகிறது, தண்டவாளத்தின் நடுவில் ரம்பம்போல் பற்கள் இருக்கின்றன. வண்டி முன்னேறும்போது கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும். சங்கிலி அறுந்தாலும் கரண்டு போனாலும் வண்டி ஒரு பல் அளவுக்குமேல் பின்னால் வர முடியாது. மேலேறும்போது வயிற்றைக் கலக்குகிற அந்தச் சத்தம்தான் நம்மைத் தாங்கும் சத்தம். புதிய கோஸ்டர்கள் சிலவற்றில் சத்தமில்லாமல் இதையே செய்கிறார்கள்.

இன்னொன்று 1919-இல் அவர் காப்புரிமை பெற்றது. கோஸ்டர் வண்டிக்குத் தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரம் மட்டும் இல்லை. பக்கவாட்டில் ஒரு சக்கரம், தண்டவாளத்துக்கு அடியில் இன்னொரு சக்கரம் என்று மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு கம்பியைச் சுற்றிப் பிடிப்பதுபோல. மேலே தூக்கினாலும் வராது, கவிழ்த்தாலும் கழலாது. வண்டி தலைகீழாவதைப் பற்றி இதற்குமேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் வண்டிக்குள் இருக்கும் மனிதன்? இதற்கு அம்மாவின் தூக்குவாளியை எடுத்தேன். பாதி தண்ணீர் நிரப்பி வாசலில் நின்று வேகமாகச் சுழற்றினேன். தலைக்கு மேலே வாளி கவிழ்ந்தபோதும் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. தண்ணீர் நேராகப் பறந்துபோகப் பார்க்கிறது, வாளியின் அடிப்பாகம் அதை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. செங்குத்து வளையத்தில் கோஸ்டர் வேகமாகப் போகும்போது உச்சியில் நம் இருக்கைதான் நம்மைத் தள்ளுகிறது. அந்த இடத்தில் பெல்ட்டில் தொங்குவதைவிட இருக்கையில் அமுங்குவதுதான் நடக்கும். மற்ற நேரங்களில், மெதுவாகப் புரளும்போதும் மேட்டைத் தாண்டும்போதும், தோளுக்கு மேலாக வந்து பூட்டும் அந்தக் கனத்த சட்டம் தேவை. அதன் பூட்டும் 'கிளிக்' என்று ஒரே திசையில் மட்டும் இறங்கும் பற்கள்தான். ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடிக்கும்படி இரட்டைப் பூட்டு வைப்பது இன்றைய வழக்கம்.

வளையத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அது வட்டமாக இருக்காது, உற்றுப் பாருங்கள். கண்ணீர்த்துளியைப்போல் மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும். 1895-இல் கோனி ஐலேண்டில் முழு வட்டமாகவே வளையம் கட்டினார்கள். ஏறியவர்கள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். காரணம் எளிய கணக்கு. வட்ட வளையத்தின் உச்சியில் விழாமல் தாண்ட வேண்டிய குறைந்தபட்ச வேகத்தில் போனாலே, அடியில் நுழையும்போது நம் எடை ஆறு மடங்காக உறைக்கும். முப்பது கிலோப் பையன் நூற்றெண்பது கிலோவாக. அதுவும் நேர்ச் சாலையிலிருந்து திடீரென்று முட்டியதுபோல. 1976-இல் ஜெர்மானியப் பொறியாளர்கள் ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃபும் வெர்னர் ஸ்டெங்கலும் கலிபோர்னியாவில் கட்டிய ரெவல்யூஷன் கோஸ்டரில் வளைவைப் படிப்படியாக இறுக்கினார்கள். வேகம் அதிகமாக இருக்கும் அடியில் அகலமான வளைவு, வேகம் குறைந்த உச்சியில் இறுக்கமான வளைவு. புதுமை என்று சொல்வதைவிட இரவல் என்பதே சரி. ரயில் பாதை போடுகிறவர்களும் சாலை போடுகிறவர்களும் நேரான பாதையை வளைவோடு இணைக்க இதே கோட்டைத்தான் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்தார்கள்.

வயிறு மேலே எழும்பும் அந்த உணர்ச்சிக்கு வருவோம். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டியும் நாமும் சேர்ந்து விழுகிறோம். இருக்கை நம்மை மேல்நோக்கித் தள்ளுவதை நிறுத்திவிடுகிறது. எடை என்று நாம் உணர்வது அந்தத் தள்ளலைத்தான். அது போனதும் குடலும் இரைப்பையும்கூடத் தங்கள் இடத்தில் மிதக்கின்றன. இதை அதிகம் ரசிக்க வேண்டுமானால் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். வண்டியின் பாதிக்குமேல் சரிவில் இறங்கிய பிறகுதான் கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும், அதற்குள் வேகம் பிடித்திருக்கும், நம்மைச் சுண்டி இழுத்துக்கொண்டு போகும். முதல் வரிசைக்காரருக்குக் காட்சி, கடைசி வரிசைக்காரருக்கு மிதப்பு.

தங்கைக்கு இருந்த பயம் வேறு. அவளுக்கு மலைப்பாதையிலேயே குமட்டும், எலுமிச்சம்பழம் இல்லாமல் பஸ் ஏற மாட்டாள். காதுக்குள்ளே திரவம் நிறைந்த மூன்று வளையக் குழாய்கள் இருக்கின்றன; தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று மூளைக்கு அவை தகவல் அனுப்பும். பஸ்ஸுக்குள் கண் முன்சீட்டின் முதுகைப் பார்த்து 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது, காது 'கொண்டை ஊசி வளைவில் சுழல்கிறோம்' என்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் முரண்படும்போதுதான் குமட்டல். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வரும். ஒன்றை அவளிடம் அழுத்திச் சொன்னேன்: அவளைப் படுத்தப்போவது ரோலர் கோஸ்டர் இல்லை. அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், கண்ணும் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தொடர்ந்து ஒரே திசையில் சுற்றும் ராட்டினங்களைத்தான் அவள் தவிர்க்க வேண்டும். திரையைப் பார்த்தபடி இருக்கை ஆடும் அரங்குகளையும். அம்மாவுக்கு எந்தக் கவலையும் இல்லை. தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் இளம் வயதிலேயே ராட்சத ராட்டினம் ஏறியவர் அவர். "அதுல உச்சியில நிறுத்துவான் பாரு, மதுரையே தெரியும்" என்றார். அவருக்கு ஜயண்ட் வீல் போதும். முழங்கால் வலிக்கு ஏற ஒரு கை கொடுத்தால் சரி.

கீழே வந்ததும் வண்டியை நிறுத்தும் பிரேக்கைப் பற்றிக் கேட்டவர் தங்கை கணவர். ஜீப் ஓட்டுகிறவர், அவருக்கு அதுதான் முதல் சந்தேகமாக வந்தது. பிரேக் வண்டியில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது. பல இடங்களில் கரண்டும் காற்றழுத்தமும் இருந்தால்தான் அது திறந்திருக்கும். இரண்டில் எது போனாலும் ஸ்பிரிங் தானாகவே மூடிவிடும். லாரியில் காற்று இறங்கினால் வண்டி நகராமல் பூட்டிக்கொள்வதும் இதே முறை. புதியவற்றில் காந்தப் பிரேக். நிலையான காந்தங்களுக்கு நடுவே வண்டியின் செம்பு அல்லது அலுமினியத் தகடு பாய்ந்து செல்லும்போது தகட்டில் மின்சுழல்கள் எழுந்து ஓட்டத்தைத் தடுக்கின்றன. எதுவும் எதையும் தொடுவதில்லை, தேய்மானமில்லை, கரண்டே வேண்டாம். இதே காரணத்தால், ஒரு செம்புக் குழாய்க்குள் வலுவான காந்தத் துண்டைப் போட்டால் அது மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம். தவிர, தண்டவாளம் முழுவதும் ரயில்வேயைப்போல் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்தது அதற்குள் நுழையாது.

இந்தப் பகுதிப் பிரிவால் வண்டிகளுக்கு இடையே ஓர் இடைவெளி இருக்கும். அதைக் கணக்கிட்டால் வரிசையில் நிற்பவர்களுக்கும் உதவும். ஒரு வண்டியில் இருபது பேர், இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்றால் மணிக்கு அறுநூறு பேர்தான் போக முடியும். முன்னால் முந்நூறு பேர் நின்றால் அரை மணி நேரம். வாட்சைப் பார்த்து இரண்டு வண்டி கிளம்பும் இடைவெளியை எண்ணிவிட்டாலே நிற்பதா, வேறிடம் போவதா என்று தெரிந்துவிடும். எல்லோரும் வாசலில் போட்டோ எடுக்கும் முதல் அரை மணியில் பெரிய கோஸ்டருக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு தண்ணீர் விளையாட்டு. வயிறு நிறையச் சாப்பிடுவது அதற்கும் பிறகு.

போகும் காலம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. மலைக்குளிரில் பழகிய உடம்பு கடற்கரைப் புழுக்கத்துக்குப் பழக ஒரு வாரத்துக்குமேல் ஆகும். மே மாதத்தில் கூட்டிக்கொண்டு போனால் விளையாட்டுக்கு முன்பே அம்மா சோர்ந்துவிடுவார். அதனால் தை மாதக் கடைசி, அதுவும் ஒரு புதன்கிழமை. பையனுக்குப் பள்ளியில் இரண்டு நாள் லீவு சொல்ல வேண்டும், சொல்லலாம். கொடைரோட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் சென்னை. அன்றைக்கே பூங்காவுக்கு ஓடாமல் ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டில் தூங்கி எழுந்து மறுநாள் போவது. தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி ஆகாது, நைலான் உடை வேண்டும். துப்பட்டா, சால்வை எதுவும் ராட்டினத்தில் கூடாது. சக்கரத்தில் சிக்கினால் விபரீதம். இந்த ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசினேன்.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. பெரிய கோஸ்டர்களின் வாசலில் உயரக் கோல் வைத்திருப்பார்கள். பல இடங்களில் 140 சென்டிமீட்டர். இது வயதைப் பார்த்துப் போட்ட விதி இல்லை. தோள்சட்டம் தோளிலும் இடுப்பெலும்பிலும் சரியாக உட்கார வேண்டும், சிறிய உடம்பு அதன் அடியில் நழுவக்கூடும். இரண்டு மணி நேரம் நின்று வாசலில் அழுவதைவிட வீட்டிலேயே அளந்துவிடுவது நல்லது என்று, செருப்பில்லாமல் நிலைக்கதவில் அவனைச் சாய்த்து நிறுத்தி, தலையில் நோட்டை வைத்துக் கோடு போட்டோம். 131.

முகம் சுருங்கிவிட்டது. சின்ன கோஸ்டர் இருக்கிறது, அதிலும் அந்த அடிச்சக்கரம் இருக்கும், டக் டக் கேட்கும் என்றேன். கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பென்சிலை வாங்கி, அளந்து, ஒன்பது சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு போட்டு அதன் பக்கத்தில் 'தஞ்சோரா' என்று எழுதினான்.