வரப்பில் உள்ள ஆடுதின்னாப்பாளையை முழுவதும் அழிக்க வேண்டாம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள குயிலாப்பாளையம் சுற்றுவட்டாரம் செம்மண் மேட்டுநிலம். வீரை, காசான் போன்ற மரங்கள் வளரும் உலர் பசுமைமாறாக் காடு இப்பகுதியின் இயற்கைக் காடு. அது பெரும்பாலும் அழிந்துபோனது. 1968-ல் ஆரோவில் தொடங்கிய பிறகு பல இடங்களில் மரம் நட்டு மீட்கப்பட்டது. இத்தகைய புதர்க்காடுகளில் வாழும் ஒரு வண்ணத்துப்பூச்சிதான் சிவப்புடல் அழகி.

அடையாளம்

கருப்பு இறக்கை, முன் இறக்கையில் வெள்ளைப் பட்டை, பின் இறக்கையில் சிவப்புப் புள்ளிகள், சிவந்த உடல். இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுகிறது.

புழுவின் உணவு

இது ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய கொடிகளில் முட்டையிடும். கருஞ்சிவப்பான புழுவின் உடலில் சதைப்பற்றுள்ள முட்கள் போன்ற நீட்சிகள் இருக்கும். இலையில் உள்ள நச்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இதைத் தின்பதில்லை. நெல், மணிலா, முந்திரி எதையும் இந்தப் புழு தொடாது. எனவே இதற்கு மருந்து அடிக்கத் தேவையில்லை.

ஏமாற வேண்டாம்

இதே நிறத்தில் இன்னொரு பூச்சியும் பறக்கும். அது கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சி. பறவைகளிடம் தப்பிக்க அவற்றில் சில, நச்சுள்ள சிவப்புடல் அழகியைப் போலவே தோற்றம் கொண்டுள்ளன. ஆனால் உடல் சிவப்பாக இருக்காது. இதன் புழுதான் எலுமிச்சை, கறிவேப்பிலைக் கொழுந்தைத் தின்னும். இளம்புழு பறவை எச்சம் போலவும், வளர்ந்தது பச்சையாகவும் இருக்கும். சில செடிகள் என்றால் புழுக்களைக் கையால் பொறுக்கி அகற்றலாம். அதிகமானால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

* பயிருக்குள் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையைக் களையெடுங்கள். வரப்பு, வேலி ஓரங்களில் சில செடிகளையாவது விட்டுவையுங்கள். அங்கே களைக்கொல்லி அடிக்காதீர்கள்.
* உயிர்வேலியில் ஏறும் ஈஸ்வரமூலிக் கொடியை வெட்டாதீர்கள். இந்தக் கொடிகள் இல்லாமல் காட்டில் மரம் மட்டும் இருந்தால் இந்த இனம் பெருகாது.

எச்சரிக்கை

பூச்சிக்குப் பாதுகாப்பான இந்த நச்சு மனிதருக்கு ஆபத்து. இவ்விரு கொடிகளும் சேர்ந்த செடியினத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்டுள்ளது. குடற்புழுவுக்கோ பாம்புக்கடிக்கோ இவற்றைக் கைவைத்தியமாக அரைத்துக் குடிக்காதீர்கள். பாம்பு கடித்தால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.