வெள்ளம் வாசலுக்கு வருமுன்



கார்த்திகை பிறந்துவிட்டால் வன்னியில் நம் கண்கள் வானத்தையும் குளத்தையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கிவிடும். மழை பெய்யாவிட்டால் வயல் இல்லை. அளவுக்கு மிஞ்சிப் பெய்தால் வீடு இல்லை. மழை அல்லாஹ்வின் ரஹ்மத். அதே மழையைக் கொண்டு அவன் நம்மைச் சோதிக்கவும் செய்கிறான்.

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடும் மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. விடியுமுன் வீடுகளுக்குள் வெள்ளம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு 'புரெவி' புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையால் நுழைந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஏழாண்டுக்குள் மூன்று சோதனைகள்! இனியும் "எதிர்பாராமல் வந்தது" என்று நாம் சொல்ல முடியுமா?

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறோம். உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வில் பொறுப்புச் சாட்டும்படிதான் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நூஹ் (அலை) அவர்கள் வெள்ளம் வருமுன்னரே, ஊரார் பரிகசிக்கக் கப்பல் கட்டினார்கள். யூசுப் (அலை) அவர்கள் பஞ்சத்துக்கு முன்னரே தானியம் சேமிக்க வழி சொன்னார்கள். முன்னேற்பாடு தவக்குலுக்கு எதிரானதல்ல; அது தவக்குலின் முதற்படி.

ஒரு தாயின் கேள்வி

வெள்ளம் வடிந்த பின் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "மௌலவி, நான் இத்தாவில் இருந்தேன். தண்ணீர் முழங்கால் வரை வந்தும் வீட்டை விட்டு இறங்கவில்லை. மகன் வந்து தூக்கிக்கொண்டு போனான். என் இத்தா முறிந்துவிட்டதா?"

கேட்டதும் என் நெஞ்சு பதறியது. மார்க்கத்தைப் பேண நினைத்து அந்தத் தாய் உயிரையே இழக்கப் பார்த்தாரே! சகோதரிகளே, தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். வீடு இடிந்துவிடும், வெள்ளத்தில் மூழ்கிவிடும் என்ற பயம் இருந்தால் இத்தாவிலுள்ள பெண் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லலாம் என்று நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சென்ற இடத்தில் எஞ்சிய நாட்களை நிறைவு செய்யலாம். அவ்வாறே, வெளியூர் போன கணவரின் அனுமதிக்காகக் காத்திருந்து பிள்ளைகளை ஆபத்தில் வைக்காதீர்கள். நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றத் தொழுகையையே இடையில் விடவேண்டும் என்னும் மார்க்கம், உங்களை வெள்ளத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லுமா?

எனவே, மாரி தொடங்குமுன் கணவர், பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசுங்கள். வெளியேறச் சொன்னால் எந்த வழியால், எங்கே போவது? முதியவரை யார் அழைத்துச் செல்வது? ஆண்கள் இல்லாத வேளையில் யாரைக் கூப்பிடுவது? இந்த முடிவுகளை இன்றே எடுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் பத்திரங்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களில் பலர், மீண்டு வந்தபோது காணி உறுதி இல்லாமல் பட்ட பாட்டை நாம் அறிவோம். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பொலித்தீன் உறையில் இட்டு ஒரே பையில் வையுங்கள். பிரதி ஒன்றை வெளியூர் உறவினரிடம் கொடுங்கள்.

அதே பையில் டோர்ச், நெருப்புப்பெட்டி, வழமையாகக் குடிக்கும் மருந்துகள், ஜீவனி, பால்மா, பிஸ்கட், மாற்று உடுப்பு, பெண்களுக்குரிய தேவைகள், தொழுகை உடுப்பு ஆகியன இருக்கட்டும். குடிநீரைப் போத்தல்களில் நிரப்பி வையுங்கள். கைபேசிக்கு முன்கூட்டியே சார்ஜ் ஏற்றுங்கள். கூரைத் தகடுகளை இறுகக் கட்டுவிக்கவும், வீட்டின்மேல் சாய்ந்த கிளைகளை வெட்டுவிக்கவும் மறவாதீர்கள். வெளியேறும்போது தரை காய்ந்திருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்; தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே வேண்டாம். ஆடு மாடுகளை அவிழ்த்து விடுங்கள், அவையும் அமானத்.

புயலின் நடுவே காற்றுத் திடீரென ஓய்ந்தால் வெளியே ஓடாதீர்கள். புயலின் கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் பலமாக வீசும்.

வீடு திரும்பியபின்

வெள்ளம் புகுந்த கிணற்று நீரின் நிறம், மணம், சுவை மாறாதிருந்தால் "வுழூவுக்கு ஆகும்தானே" என்று குடித்துவிடாதீர்கள். சுத்தம் பற்றிய சட்டம் வேறு, நோய்க்கிருமி வேறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துக் குளோரின் இடுவியுங்கள்; கொதிக்க வைத்தே குடியுங்கள். அலுமாரி, விறகுக் குவியலில் கைவைக்குமுன் பாம்பு உண்டா என்று பாருங்கள். கடித்தால் வெட்டவோ இறுகக் கட்டவோ வேண்டாம். அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம்; டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்பியூலன்சுக்கு 1990. இரண்டையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வியுங்கள்.

இறுதியாக, அயல்வீட்டுக் கதவைத் தட்டாமல் போகாதீர்கள். தனித்திருக்கும் விதவை, நடக்க முடியாத முதியவர், அவர் முஸ்லிமோ இந்துவோ கிறிஸ்தவரோ, அயலவரின் ஹக்கு நம்மீது உண்டு. நம் பள்ளிவாசல் மண்டபமும் அன்று எல்லோருக்கும் திறந்திருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயனுள்ள மழையைத் தருவாயாக. எங்கள் வீடுகளையும் அயலவரின் வீடுகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.