நகராத எண்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் பக்கத்தில் ஓடும் கிள்ளான் ஆற்றை அதிகம் கவனிப்பதில்லை. 1909-இல் கட்டிய ஜாமெக் பள்ளிவாசலருகே அது கோம்பாக் ஆற்றோடு கலக்கிறது. மேலே அம்பாங் பக்கம் பெருமழை கொட்டினால் வெள்ளம் இந்த வழியாகத்தான் இறங்கும். ஊருக்குள் நுழையுமுன் அதை மடக்கித் திருப்பவே 2007-இல் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளம். நடுவே ஒரு பகுதியில் கார்களும் ஓடுகின்றன. நீர்வரத்து வினாடிக்கு 150 கனமீட்டரைத் தாண்டினால் கார்களை வெளியேற்றிவிட்டு, மழை நீடித்தால் மதகைத் திறந்து, சாலைத் தளத்திலும் தண்ணீரை விடுவார்கள்.

இத்தகைய வெள்ளக் கட்டமைப்புகளில் ஆற்று மட்டத்தை அளக்கும் இடம் ஒன்று, மதகு இருக்கும் இடம் வேறு. இரண்டிலும் பி.எல்.சி. எனும் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கும், வலையமைப்பு வழியே ஒன்று எண்ணை அனுப்ப, மற்றது வாங்கும். நடுவில் கேபிள் அறுந்தால்? எண் பூஜ்யமாகிவிடும் என்றுதான் நினைப்போம். பல அமைப்புகளில் அப்படி ஆவதில்லை. கடைசியாக வந்த அளவு அப்படியே நிற்கும். ஆறு ஏறிக்கொண்டிருக்க, திரையில் 2.4 மீட்டர் நகராமல் இருக்கும். எனக்குப் பிழையான எண்ணைவிட இந்தப் பழைய எண்ணிடம்தான் பயம்; அது பார்க்கச் சரியாகவே இருக்கும்.

அதனால், வாங்கும் பி.எல்.சி.யில் முதலில் காலக்கெடு வையுங்கள். 100 மில்லி வினாடிக்கு ஒரு முறை தகவல் வரவேண்டும் என்றால், மூன்று நான்கு முறை தவறியதும் இணைப்பு போனதாகக் கொள்ளலாம். புரொஃபிநெட் என்ற தொழில்துறை வலையமைப்பில் வழக்கமான அமைப்பே 3 சுழற்சிதான். இதைவிட இறுக்கினால் வீண் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும்; பிறகு யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

அடுத்தது, பலர் விட்டுவிடுவது. கேபிள் நன்றாக இருக்கும், தகவலும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அனுப்பும் பி.எல்.சி.யில் புரோகிராம் நின்றிருக்கும். ராக்வெல் பி.எல்.சி.களில் இதற்காகவே இரண்டு நிலை பிட்கள் உண்டு: இணைப்பு அறுந்ததைச் சொல்வது ஒன்று, எதிர்முனை ஓட்ட நிலையில் இருக்கிறதா என்று சொல்வது மற்றொன்று. இரண்டையும் படியுங்கள். அந்த வசதி இல்லாத பி.எல்.சி. என்றால், அனுப்பும் புரோகிராமிலேயே நொடிக்கு ஒன்று கூடும் எண்ணி ஒன்றை வைத்து, அளவோடு சேர்த்து அனுப்புங்கள். எண்ணி நகரவில்லை என்றால் அளவும் செல்லாது. நாடி பார்ப்பது மாதிரிதான்.

இணைப்பு போனது தெரிந்தபின் மதகு என்ன செய்ய வேண்டும்? இதை மென்பொருளின் இயல்பு அமைப்புக்கு விட்டுவிடக் கூடாது. தானாகத் திறந்தால் சாலையில் கார் இருக்கலாம். தானாக மூடினால் வெள்ளம் ஊருக்குள் போகும். இருந்த நிலையில் நிறுத்தி, அலாரம் அடித்து, திரையில் அந்த எண்ணின் நிறத்தை மாற்றி, முடிவை ஆளிடம் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வேலையை ஒப்படைக்குமுன் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். எத்தனை நொடியில் அலாரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபிளை மாட்டிவிட்டு, அனுப்பும் பி.எல்.சி.யின் புரோகிராமை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.