வீட்டு வாய்க்காலுக்கு ஒரு பாலம்

பாலம் என்றவுடன் பேராறுகளைத் தாவி நிற்கும் இரும்புப் பாலங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நாட்டுப்புறத்து மக்களின் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்பவை அவையல்ல. வீட்டுப் படலைக்கும் ஒழுங்கைக்கும் நடுவே கிடக்கும் பத்தடிப் பாலங்களே. வன்னியிலும், மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களிலும் வயலோரத்துக் குடிகள் பலர் வாய்க்காலொன்றைக் கடந்தே வெளியுலகை அடைகின்றனர். கோடையில் அது முழங்காலளவு நீரோடும் பள்ளம். வடகீழ்ப் பருவக்காற்று மழை தொடங்கி, குளங்கள் வான் பாயும் வேளையில், அதே பள்ளம் ஆளை இழுத்துச் செல்லும் ஆறாகிவிடுகிறது. கார்த்திகை மாதத்துப் பாடசாலை வரவுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்கு, எந்த வீட்டின் முன் நல்ல பாலம் இல்லை என்பதை எவரும் சொல்ல வேண்டியதில்லை.

ஓடும் நீரை எளிதாக எண்ணுதல் எத்துணைக் கேடு பயக்கும் என்பதை இந்நாடு மறந்துவிடவில்லை. 2024 நவம்பர் 26 ஆம் நாள், அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் ஒன்று கவிழ்ந்து, அதிற் சென்ற மாணவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஆதலால், நேற்றுக் கடந்த இடத்தை இன்றும் கடக்கலாம் என்று எண்ணுவது பெரும் பிழையாகும்.

பாலம் அமைக்க எண்ணுபவர் முதலில் கையில் எடுக்கவேண்டியது வாளுமன்று, உளியுமன்று, ஒரு முளைக்கட்டையே. ஒரு மழைக்காலம் முழுவதும் நீர் எவ்வளவு உயர்கிறது என்பதைக் கரையில் முளையடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வூரில் நெடுங்காலம் வாழ்ந்த முதியோரை வினவி, பெருவெள்ளத்தில் நீர் எந்த மரத்தின் எந்தக் கிளையைத் தொட்டது என்று அறிந்துகொள்வது அதனினும் நன்று. அந்த மட்டத்திற்கு ஓரடியேனும் மேலே பாலத்தின் அடிப்பக்கம் நிற்றல் வேண்டும். மிதந்து வரும் மரக்கட்டையும் ஆற்றுவாழைக் கூட்டமும் பாலத்தில் முட்டித் தேங்காமற் செல்வதற்கு இந்த இடைவெளி இன்றியமையாதது.

வாய்க்கால் தன் வீட்டு முன்றிலில் ஓடினாலும் அதன் நீர் தனக்கே உரியதன்று என்பதும் கருதத்தக்கது. நீர்ப்பாசன வாய்க்காலாயின் அப்பகுதி அலுவலரிடத்தும், வயல் வாய்க்காலாயின் கமநல சேவை நிலையத்தாரிடத்தும் வட்டவிதானையாரிடத்தும் முன்கூட்டியே சொல்லி இசைவு பெறுதல் முறையாகும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். பாலம் எதற்கு, சீமெந்துக் குழாய் ஒன்றைக் கிடத்தி மேலே மண்ணை நிரப்பினாற் போதாதா என்று அவர்கள் எண்ணுகின்றனர். கணக்கைப் பார்ப்போம். பத்தடி அகலமும் மூன்றடி ஆழமும் உடைய வாய்க்காலில் நீர் செல்லும் வாயில் முப்பது சதுர அடியாகும். இரண்டடி விட்டமுள்ள குழாயின் வாயோ மூன்று சதுர அடிக்குச் சற்றே மேற்பட்டது. பத்தில் ஒரு பங்கு வழியை விட்டு மீதியை அடைத்துவிட்டால் வெள்ளம் எங்கே செல்லும்? மேற்புறத்து அயலவனின் வயலிலும் முற்றத்திலும் ஏறும். இறுதியில் மண்ணை அரித்துக் குழாயையும் புரட்டிவிடும். நீருக்கு வழி விடாத பாலம் அணையேயன்றிப் பாலமன்று.

இனிப் பாலத்தின் கால்களைக் கவனிப்போம். பாலம் விழுவதற்கு மரம் முறிவதைக் காட்டிலும் கரை அரிக்கப்படுவதே பெரும்பாலும் காரணமாகிறது. ஆகவே உத்தரங்களின் முனைகள் கரையின் விளிம்பிலே தங்குதலாகாது. விளிம்பிலிருந்து இரண்டடியாவது உள்ளே தள்ளி, உறுதியான மண் வரும்வரை தோண்டி, கருங்கல்லாலோ கொங்கிறீற்றாலோ ஒரு மேடை அமைத்து, அதன்மீதே அவற்றை வைத்தல் வேண்டும். வாய்க்காலின் நடுவே கால் நடுதலைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். அது குப்பையைப் பிடித்து, தன் அடியை நீர் தோண்டுவதற்குத் தானே இடங்கொடுக்கும். கரைச் சரிவில் கல் அடுக்குவதும் வெட்டிவேர் நடுவதும் மண்ணைக் காக்கும்.

பாலத்தின் உயிர் உத்தரத்தில் இருக்கிறது. தச்சர் ஏன் உத்தரத்தைத் தட்டையாகக் கிடத்தாமற் செங்குத்தாக நிறுத்துகின்றனர்? இரண்டங்குலத் தடிப்பும் ஆறங்குல அகலமும் உள்ள பலகையொன்றைப் படுக்க வைத்து நடுவில் ஏறி நின்றால் அது வளைகிறது. அதையே விளிம்பில் நிறுத்தினால் அசையாது நிற்கிறது. மரத்தின் அளவு மாறவில்லை. நிற்கும் வகைதான் மாறியது. உத்தரத்தின் வலிமை அதன் தடிப்பின்படியும், உயரத்தின் வர்க்கத்தின்படியும் அமைகிறது. இதனால் நிறுத்தி வைத்த பலகை கிடத்தி வைத்ததைவிட மூன்று மடங்கு சுமை தாங்கும். வளைவோ ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். இவ்வுண்மையை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே கணக்கிட்டுக் காட்டினார். நீளத்துக்கும் ஒரு விதியுண்டு. அதே உத்தரத்தை இரு மடங்கு நீளத்துக்கு நீட்டினால் அது நடுவில் தாங்கும் சுமை பாதியாகும். அதே சுமைக்கு வளைவோ எட்டு மடங்காகும். அயல் வீட்டாரின் ஆறடிப் பாலத்தைப் பார்த்து அதே கனமுள்ள மரத்தைப் பன்னிரண்டடி வாய்க்காலுக்குப் போடுபவர் ஏமாறுவது இதனாலேயே.

பன்னிரண்டடி இடைவெளியில் மூன்றடி அகல நடைபாலம் ஒன்றுக்கு, எட்டங்குல உயரமும் மூன்றங்குலத் தடிப்புமுள்ள வைரமரத்து உத்தரங்கள் மூன்று போதியனவாகும். பதினைந்தடிக்கு மேற்பட்டால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரின் ஆலோசனையின்றித் தொடங்குதல் தகாது. சுமை ஏறும்போது உத்தரத்தின் மேற்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. ஆகவே கணுவும் வெடிப்பும் உள்ள பக்கம் கீழே வருதலாகாது. நடுப்பகுதியின் அடியில் வெட்டுக் கொடுத்தலும் கூடாது. கொங்கிறீற்றுப் பாலத்தில் இரும்புக் கம்பிகளை அடிப்பக்கமாக இடுவதும் இக்காரணம் பற்றியே.

மரத்தைத் தேர்வதில் நம் முன்னோர் கண்ட முறைகள் இன்றும் பயன்படுவன. பாலை, முதிரை போன்றவை ஈரத்தையும் கறையானையும் நெடுங்காலம் எதிர்ப்பவை. பனையின் வைரமோ மரத்தின் வெளிப்புறத்திலேயே இருக்கிறது. நடுவில் உள்ளது மென்மையான சோற்றுப் பகுதி. எனவே முழுக் குற்றியாக இடுவதைவிட, முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியைப் பிளந்து, சோற்றை நீக்கி, வைரத்தை மட்டும் பயன்படுத்துதலே சிறந்தது. முழுக் குற்றியின் நடுவில் நீர் இறங்கி உள்ளே உளுத்துப்போனாலும் வெளியே அது உறுதியாகவே தோன்றும்; ஒருநாள் அறிவிப்பின்றி முறியும். பெண் பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றைத் தறிப்பதற்குச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

மரத்தை அழிப்பது நீரைவிடத் தேங்கிய ஈரமே. பதுளைக்கு அண்மையில் உள்ள போகொடை மரப்பாலம் பன்னெடுங்காலம் நிலைத்திருப்பதற்கு அதன்மேலுள்ள ஓட்டுக் கூரையும் துணைசெய்கிறது. வீட்டுப் பாலத்துக்குக் கூரை வேண்டியதில்லை. ஈரம் தங்காமற் காத்தாற் போதும். உத்தர முனைகளை மண் மூடாமல் கல்லின்மேல் காற்றுப்பட வைத்து, தார் பூசுதல் வேண்டும். நடைப்பலகைகளுக்கு இடையே சிறுவிரல் நுழையாத அளவு இடைவெளி விட்டால் மழைநீர் வடிந்துவிடும். குழந்தையின் காலும் சிக்காது. பலகைகளின்மேல் குறுக்குச் சட்டங்கள் அடித்தால் பாசியில் வழுக்காது.

கைப்பிடியை அலங்காரம் என்று கருதுவோர் உளர். பெரியவருக்கு மூன்றடி உயரத்தில் ஒரு கைப்பிடியும், சிறுவருக்கு அதன் நடுவே மற்றொன்றும், இருபுறமும் அமைந்தாலன்றிப் பாலம் நிறைவு பெற்றதாகாது. இருளில் அரிக்கன் விளக்குடன் வரும் முதியவளும், புத்தகப்பையுடன் ஓடிவரும் சிறுவனும் பாலத்தை அளப்பது அக்கைப்பிடியைக் கொண்டேயாகும். மேலும், உத்தரத்தின் ஒரு முனையைச் சங்கிலியால் கரையிலுள்ள வலிய மரத்தோடு பிணைத்துவிட்டால், பெருவெள்ளம் பாலத்தைத் தூக்கினும் அது கரையோரமாகத் திரும்பிக் கிடக்கும். கீழே உள்ள மதகில் சென்று அடைக்காது.

கட்டி முடித்தபின் கவலையற்றிருத்தலும் ஆகாது. ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்தில், மழைக்கு முன், கத்தி முனையால் உத்தரங்களைக் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினால் அம்மரத்தின் காலம் முடிந்தது. கரைக் கற்களின் அடியையும் துளாவிப் பார்த்து, அரிப்பிருப்பின் நிரப்புதல் வேண்டும். இவை ஒரு காலைப்பொழுதின் வேலைகளே.

எவ்வளவு உறுதியான பாலமாயினும் அதன்மேல் நீர் பாயத் தொடங்கிவிட்டால், அன்று அது பாலமன்று. பலகை இருக்கிறதா இல்லையா என்பது கலங்கிய நீரில் தெரியாது. அந்நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதே அறிவுடைமை. ஒரு நாட் பாடத்தை மறுநாள் படித்துக்கொள்ளலாம். நீர் வடிந்த காலையில், பெற்றோர் ஒருவர் முன்னே சென்று பலகைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்த பின்னரே பிள்ளைகள் அப்பாலத்தில் காலடி வைத்தல் வேண்டும்.