பட்டியடி மண்ணும் கிணற்று நீரும்

சாணமும் கோமியமும் நிலத்திற்கு உரம் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், பயிர் ஏதுமில்லாத ஓரிடத்தில் அவ்வுரம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போனால் யாது நேரும்? இதற்கு விடை காண அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சற்று நோக்குவோம்.

அங்கே சவுத் பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், இறைச்சிக்கான மாடுகளைத் திறந்த பட்டிகளில் நெருக்கமாக அடைத்துத் தீனியிட்டுக் கொழுக்க வைக்கின்றனர். தீனியிலுள்ள தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், சிறு பகுதியே மாட்டின் உடலில் தங்குகிறது. பெரும்பகுதி சாணத்துடனும் கோமியத்துடனும் வெளிவந்துவிடுகிறது. அதில் ஒரு பங்கு அம்மோனியா ஆவியாகிக் காற்றில் கலக்கும். மற்றொரு பங்கு மண்ணிற் சேரும். அதனை நுண்ணுயிர்கள் நைட்ரேட் என்னும் உப்பாக மாற்றுகின்றன. முற்காலத்தில் நம் நாட்டில் மாடு கட்டிய பழைய மண்ணைக் கரைத்து வெடியுப்புக் காய்ச்ச இயன்றதும் இதனாலேதான். இவ்வுப்பு நீரில் எளிதிற் கரையும். மண்ணில் ஒட்டி நில்லாது. மழைநீருடன் இறங்கி நிலத்தடி நீரை அடையும்.

1967-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக அப்பள்ளத்தாக்கில் 20 அடி ஆழம் வரை துளையிட்டு மண்ணைச் சோதித்தனர். ஏக்கருக்குச் சராசரியாக நைட்ரேட் வடிவிலிருந்த நைட்ரஜன், குதிரை மசால் பயிரிட்ட நிலத்தில் 79 பவுண்டு. இயற்கைப் புல்வெளியில் 90. மானாவாரி நிலத்தில் 261. ஏனைய பாசன நிலங்களில் 506. மாட்டுப் பட்டிகளின் அடியிலோ 1,436 பவுண்டு!

எனினும் எல்லாப் பட்டிகளும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றின் அடியில் நைட்ரேட் மிகக் குறைவு. மாடுகள் நெருங்கி நிற்கும் பட்டியில் சாணமும் மண்ணும் குளம்புகளால் மிதிபட்டு, மெழுகிய தரைபோல் இறுகிவிடுகின்றன. அவ்வடுக்கின் வழியே நீரும் காற்றும் எளிதிற் புகா. காற்றில்லாவிடத்து நைட்ரேட் உண்டாவது தடைப்படும். உண்டானதும் வாயுவாகிப் பிரிந்துவிடும். மாடுகளை அகற்றிப் பட்டியைக் கைவிட்ட பின்னரே பேரபாயம். இறுகிய அடுக்கு காய்ந்து வெடிக்கிறது, காற்று உட்புகுகிறது, தேங்கிய சத்து நைட்ரேட்டாக மாறி மழையுடன் கீழே இறங்குகிறது.

இதனால் வரும் கேடு கைக்குழந்தைகளுக்கே மிகுதி. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீர் கலந்த பாலை உண்ட குழந்தைகள் உடல் நீலம் பாரித்ததை, 1945-ல் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்டர் காம்லி எடுத்துக்காட்டினார். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதே காரணம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர விதி. இதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது.

பரிகாரம் அரிதன்று. பட்டியில் சாணத்தை வாரும்போது இறுகிய அடித்தட்டை உடைத்தலாகாது. பட்டியைக் கைவிடுங்கால் எருவை உடனே அள்ளி வயலுக்குச் சேர்த்து, அவ்விடத்தில் எருவிடாமலே குதிரை மசால் போன்ற ஆழவேர்ப் பயிரை விதைத்தல் வேண்டும். மேற்கண்ட 79 பவுண்டு என்னும் கணக்கு அதன் வேரின் வலிமைக்குச் சான்று.

நம் ஊர்த் தொழுவங்கள் சிறியவை. எனினும் மண்ணின் இயல்பு ஒன்றே. கிடை போடுவோர் ஒரே இடத்தில் நில்லாது வயல்தோறும் மாற்றிப் போடுவது எத்துணை நல்ல வழக்கம்! சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், எருக்குழியும் குடிநீர்க் கிணறும் அருகருகே இருக்கக் காண்கிறோம். அங்கத்தினர்கள் எருக்குழியைக் கிணற்றினின்று தொலைவில், தாழ்ந்த பக்கத்தில் அமைப்பார்களாக. கிணற்று நீரையும் சோதனைக்கு அனுப்புவார்களாக. வரவு மட்டும் ஏறிச் செலவே எழுதப்படாத பேரேட்டைக் கண்டால் நாம் ஐயுறுகிறோம். நிலத்தின் கணக்கிலும் அவ்வாறே ஐயுறுதல் நன்று.