மரத்துண்டும் சூட்டுக்கோலும்: ஒரே பலகையில் இரண்டு தொழில்

வரவேற்பறைச் சுவரில் மரத்தாலான அலங்காரப் பலகையொன்றைத் தொங்கவிடும் பழக்கம் நம்மவர் மத்தியில் நெடுநாளாக உண்டு. கலியாணத்துக்கும் புதுவீடு குடிபோவதற்கும் அன்பளிப்பாகக் கொடுப்பதும் இதைத்தான். ஆனால், இன்று கடைகளில் அதிகம் தொங்குவது லேசர் இயந்திரம் வெட்டிய எம்.டீ.எப். பலகைகளே. விலையில் அவற்றோடு போட்டியிட எந்தத் தச்சராலும் முடியாது, போட்டியிடவும் கூடாது. இயந்திரத்துக்கு எளிதில் வராத பொருளைச் செய்வதுதான் அவருக்குள்ள வழி. அத்தகைய ஒரு பொருளைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றேன்.

இன்டார்சியா என்பது வெவ்வேறு நிற மரங்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் விளிம்பையும் உருட்டி, பின்பலகையில் ஒட்டிப் படமாக்கும் கலை. சாயம் பூசுவதில்லை; மரத்தின் இயற்கை நிறமே வர்ணம். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இது செழித்திருந்தது. குப்பியோ நகரில் உர்பினோ பிரபுவுக்காகச் செய்யப்பட்ட அறை இன்று நியூயோர்க் மெட்ரோபொலிடன் நூதனசாலையில் இருக்கின்றது. பதித்தல் எனப் பொருள்படும் 'தர்ஸீஃ' என்ற அறபுச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்பர். அக்காலத்து வேலை தட்டையானது. இன்றையது மேடுபள்ளம் உள்ளது.

மற்றையது பைரோகிராபி. சூடேற்றிய கம்பி முனையால் மரத்தைக் கருக்கிக் கோடு வரைவது.

இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்? இன்டார்சியாவில் நிறம் உண்டு. ஆனால் இலை நரம்பு, யானையின் கண், தோல் சுருக்கம் போன்ற நுண்ணியவற்றை வாளால் வெட்டி ஒட்ட முடியாது. சூட்டுக்கோலால் மயிரிழைக் கோடும் போடலாம். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் மண்ணிறமும் கறுப்பும்தான். ஒன்றின் குறையை மற்றது நிறைவு செய்கின்றது. மரத்துண்டைச் சுடுமணலில் அமிழ்த்தி ஓரத்தைக் கருக்கி நிழல் காட்டும் முறை ஐரோப்பியப் பதிப்பு வேலையில் முன்பே இருந்ததுதான்.

நமது நாட்டு மரங்களே இதற்குப் போதும். மஞ்சளுக்குப் பலா, சிவப்புக்கு மஹோகனி, பழுப்புக்குத் தேக்கு, வெளிர் நிறத்துக்கு இறப்பர் மரம். கோடு தெளிவாகத் தெரிவது வெளிர் நிறத்து நெருக்கமான மரத்தில்தான். பைனஸ் மரத்தில் மெதுவான வரியும் கடினமான வரியும் மாறிமாறி வருவதால் கோடு ஒரே சீராக விழாது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். தளபாட வேலைத்தளங்களில் கழிபடும் துண்டுகளே இவ்வேலைக்குத் தாராளம். பலா மரம் வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி தேவை என்பதால், பற்றுச்சீட்டுடன் மரம் வாங்குவதே பாதுகாப்பு.

வேலையின் ஒழுங்கு முக்கியம். காய்ந்த மரத்தில் மாதிரியை ஒட்டி, மெல்லிய அலகுள்ள ஸ்க்ரோல் வாளால் வெட்ட வேண்டும். துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, விளிம்பை உருட்டி, சேண்ட் பேப்பரால் நன்கு மழுப்ப வேண்டும். அதன் பின்னரே கருக்குதல், அதற்குப் பின் பசை, கடைசியில் வார்னிஷ். வார்னிஷ் பூசிய மரத்தையோ எம்.டீ.எப். பலகையையோ கருக்கினால் வரும் புகை உடம்புக்குத் தீங்கு. சுத்தமான மரமானாலும் காற்றோட்டமான இடத்திலேயே செய்ய வேண்டும். தேக்கில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் ஒட்டுமுன் தின்னரால் துடைப்பது நல்லது. கையின் வேகமும் சூடும்தான் கோட்டின் கருமையைத் தீர்மானிக்கும். எனவே, அதே மரத்தின் கழிவுத் துண்டில் முதலில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி விலை. கணக்கு விளங்குவதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். மரம், பசை, பூச்சு 2,000 ரூபா. வேலை 14 மணித்தியாலம். மணிக்கு 400 ரூபா வீதம் 5,600 ரூபா. இரண்டும் 7,600. மின்சாரம், தேய்மானம், பழுதான துண்டுகளுக்கு அதில் 10 வீதம், 760. அடக்கவிலை 8,360 ரூபா. இதை 5,000 ரூபாவுக்கு விற்பவர் "மூவாயிரம் மிஞ்சியது" என்று மகிழ்வார். 760ஐயும் கழித்தால் கையில் நிற்பது 2,240; மணிக்கு 160 ரூபா. தன் உழைப்பைச் செலவில் எழுதாதவர் இலாபம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டே தொழிலை விட்டுப் போவார். அவருடைய மகன் உளியைத் தொடவும் மாட்டான்.

இதில் கடைக்காரருக்கும் பங்குண்டு. "விற்றால் தருகிறோம்" என்று பலகையை வாங்கி மாதக்கணக்கில் தொங்கவிடுவது தச்சரின் முதலில் நாம் செய்யும் வியாபாரம். பாதிப் பணத்தையாவது முற்பணமாகக் கொடுத்துவிட்டு ஓடர் கொடுங்கள்.

வாடிக்கையாளரை அறிந்து மாதிரியைத் தெரிவு செய்வதும் அவசியம். உல்லாசப் பயணிகள் வரும் கடைக்கு யானையும் பறவையும் பொருந்தும். உயிருள்ளவற்றின் உருவத்தைச் சுவரில் மாட்ட விரும்பாத நம் வீடுகளுக்குத் தென்னையும் கடலும், இலைக்கொடி, அறபு எழுத்தணி என்பன ஏற்றவை. அறபு எழுத்தானால் வாளை எடுக்கு முன்னரே மாதிரியை ஓர் ஆலிமிடம் காட்டிவிடுங்கள். ஒரு புள்ளி தவறினாலும் சொல் மாறிவிடும். கருக்கிய கோட்டை அழிக்க முடியாது.

விற்கும்போது இரண்டு விடயங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நேரடி வெயில் படும் சுவரில் மாட்டினால் மெல்லிய கருக்கல் நிழல் மங்கும். பலாவின் மஞ்சளும் காலப்போக்கில் கபில நிறமாகும். இதை முன்கூட்டியே சொல்லி விற்றால் வாங்கியவர் குறை சொல்ல வரமாட்டார். அதேபோல, லேசர் வேலையைக் கைவேலை என்று சொல்லி விற்கவே கூடாது. இரண்டு பலகைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தை விரலே சொல்லிவிடும். விலையை நாம் நியாயப்படுத்தத் தேவையிராது.