கூலி பாக்கியும் தேதிக் கணக்கும்

செஞ்சியில் நெல் வரத்து இருக்கும் நாளில் விற்பனைக்கூடத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: “கூலி பாக்கிக்குக் கேஸ் போட்டா கிடைக்குமாண்ணே?” கிடைக்கும். ஆனால் பல கேஸ்கள் நியாயம் இல்லாமல் தோற்பதில்லை. நடைமுறை தெரியாமல்தான் தோற்கின்றன.

ஓர் அரிசி ஆலைத் தொழிலாளிக்கு ஐந்து மாதக் கூலி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, எங்கே போவது? பேசிய கூலி, வரவேண்டிய தொகை, இரண்டும் தெளிவாக இருந்தால் கணக்குப் போட்டு வாங்கித் தர வழி இருக்கிறது. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 33சி(2) பிரிவு அதற்கானதாக இருந்தது. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலித் தொழிலாளர்கள் அந்தப் பிரிவின் கீழ்ப் போய், “நிரந்தரப் பணியாளருக்குள்ள சம்பளம் எங்களுக்கும் வேண்டும்” என்றார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமை உண்டா என்பதே தகராறாக இருக்கும்போது அதை முதலில் தீர்த்துக்கொண்டு வர வேண்டும் என்றது. தீர்ப்பு வாங்காமலே ஜப்திக்குப் போன கதைதான்.

அடுத்து, யார் பேசுவது? அந்தச் சட்டத்தின் கீழ்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் நினைத்த மாத்திரத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது என்றிருந்தது. 36(4) பிரிவின்படி எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டியிருந்தது. பெரிய வக்கீல் வைக்க வசதியுள்ள முதலாளிக்கு எதிரே தொழிலாளி தனியாக நிற்கக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி அது. வேலியில் சந்தும் உண்டு. பாரதீப் துறைமுக வழக்கில், 1976-இல், உச்ச நீதிமன்றம் சொன்னது: வக்கீலாக இருப்பவரே முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகி என்றால், அந்தப் பொறுப்பில் வந்து வாதாடலாம். தொழிற்சங்க நிர்வாகியான வக்கீலுக்கும் அதே சலுகை உண்டு. ஆகவே சங்கத்தில் சேர்ந்திருப்பது கொடி பிடிக்க மட்டுமல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் வக்காலத்துப் போட்டால் ஆட்சேபத்தை முதல் வாய்தாவிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சும்மா இருந்தால் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

அடுத்தது தேதிக் கணக்கு. பழைய 1936 கூலிச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு முப்பதே நாள்தான் இருந்தது. முதலாளி மேல்முறையீடு செய்வதானால் தீர்ப்பான தொகையை முன்கூட்டியே கட்டியதற்கான சான்றிதழை மனுவோடு இணைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் மனு நிற்காது என்றிருந்தது. இழுத்தடிப்பதற்கென்றே மேலே போகிறவர்களுக்கு அது கடிவாளமாக இருந்தது. டெக்னிக்கல் பாயின்ட் எல்லாமே தொழிலாளிக்குப் பகை என்று நினைத்துவிடக் கூடாது.

அந்தப் பழைய கூலிச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி கோரிக்கை வைக்க மூன்று வருடம் அவகாசம். மேல்முறையீட்டுக்கு 90 நாள். தகுந்த காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான். அதற்காக ஹாஜர் சீட்டையோ கூலி எழுதிய நோட்டையோ தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அங்கே வேலை பார்த்ததற்கு அதுதானே சாட்சி.

இன்னொன்று. அந்த 90 நாள் உத்தரவு நம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, உத்தரவின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தீர்ப்பு சொன்ன அன்றைக்கே நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.